ஓரத்தில் நின்ற அக்கா

அண்ணாச்சி, ஒங்க போன்ல நெட்டு இருக்கா? எனக்கு வேண்டாம், எங்கிட்ட இருக்கு. ஒரு படம் அனுப்பலாமான்னு கேக்கேன். பயந்துராதீக, நான் பாலிசி பிடிக்கிற ஆளு இல்ல, சீட்டுச் சேக்குற ஆளும் இல்ல. ஒரே ஒரு படம். ஒங்க ஸ்டேட்டஸ்ல இன்னைக்கு ஒரு நாள் கெடக்கட்டும், நாளைக்கு அதுவா போயிரும். மதுரைக்குத்தான போறீக? அப்ப பஸ்ஸு போய்ச் சேர ரெண்டு மணி நேரம் இருக்கு. யோசிச்சே சொல்லுங்க.

படத்துல இருக்கது எங்க அக்கா. ஆவுடையம்மான்னு பேரு. காணாமப் போயி எட்டு மாசம் ஆச்சு.

சங்கரன்கோயில்ல வந்து கோமதிநாயகம் ஸ்டூடியோ எதுன்னு யாரைக் கேட்டாலும் கையக் காட்டுவாக. முப்பது வருசம். இப்ப யாரு கையில படம் கேக்கா? எல்லாம் போனுக்குத்தான். பொறந்தநாளு, சடங்கு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாத்துக்கும் நான்தான் படம் தயார் பண்ணிக் குடுக்கேன். தொழில் நல்லாத்தான் ஓடுது, அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பாதிப் பேருக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க. போன்ல போடுற படத்துக்கு எடத்துக்கு எடம் ஒரு அளவு உண்டு. குரூப்புல போடணும்னா சதுரம். ஸ்டேட்டஸ்னா நெட்டையா நிக்கணும், அதுலயும் மேல பேரு வந்து உக்காரும், கீழ பதில் எழுதுற கட்டம் வந்து உக்காரும், ரெண்டு பக்கமும் மூணு விரக்கடை விட்டுத்தான் எழுத்தப் போடணும். முகப்புப் படம்னா வட்டம். வட்டத்துல நாலு மூலையும் போயிரும். இது தெரியாம மூலையில போய் போன் நம்பரப் போட்டு வைப்பானுக, மடப் பயலுக.

எங்கிட்ட வந்த படத்துக்கு எடம் பத்தலன்னு நான் சொன்னதே கெடையாது. போன வருசம் ஒரு கட்சிக்காரரு வந்தாரு. ஒரே சதுரம்தான். அதுக்குள்ள தலைவரு, மாவட்டம், ஒன்றியம், மகளிரணி, வரவேற்கிறவரு, வரவேற்கிறவரோட தம்பின்னு மொத்தம் இருபத்திமூணு மூஞ்சி. ஒண்ணு கொறஞ்சாலும் அடிதடி ஆயிரும்னாரு. ஒரு மணி நேரந்தான். ஒருத்தரு காது கூட வெட்டுப்படாமப் போட்டுக் குடுத்தேன். கையெடுத்துக் கும்புட்டாரு.

அக்கா விசயத்துக்கு வாரேன்.

எனக்கு ஆறு வயசு மூப்பு. அம்மா சீக்கிரம் போயிட்டா, அக்காதான் எனக்குத் தல சீவி விட்டு, சட்டைப் பட்டன் தச்சு, எல்லாம். அதுக்குப் பதினேழு வயசுல உதட்டு ஓரத்துல ஒரு வெள்ளப் புள்ளி வந்துச்சு. எலுமிச்ச வெத அளவுதான். வருசம் போகப் போகத் தாடைக்கு எறங்கி, கண்ணுக்குக் கீழ ஏறி, வெரல் நுனியெல்லாம் வெள்ளத் திட்டா ஆயிருச்சு. டாக்டரு தெளிவாச் சொல்லிட்டாரு, இது ஒட்டுற நோயே கெடையாது, நெறந்தான் போகுது, ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாதுன்னு. டாக்டரு சொன்னா போதுமா? ஊர்ல அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கானுக பாருங்க, அந்த வார்த்தைய நான் இந்த வாயால சொல்ல மாட்டேன். தெருவுல ஒருத்தன் சொன்னதுக்கு அவன் சட்டையக் கிழிச்சிருக்கேன் நான்.

அப்ப ஒரு ஸ்டூடியோவுல வேல கத்துக்கிட்டிருந்தேன். மாப்ள வீட்டுக்கு அனுப்ப அக்காவ ஒரு படம் எடுத்து, பிரிண்டு போட்ட படத்துல பென்சில வச்சே அம்புட்டுத் திட்டையும் எடுத்துட்டேன். மொத மொதலா நான் செஞ்ச டச்சப் அதுதான். படம் மகாலச்சுமி மாதிரி இருந்துச்சு. படத்தப் பாத்துட்டு ஒடனே பொண்ணு பாக்க வந்துட்டாக. வந்தவுக படத்தப் பாக்காக, அக்காவப் பாக்காக, திரும்பவும் படத்தப் பாக்காக. தட்டுல வச்ச பஜ்ஜி வச்ச மேனிக்கே இருக்க எந்திரிச்சுப் போயிட்டாக. எங்க வீட்டு நடுக்கூடத்துல வெளிச்சம் பத்தாது அண்ணாச்சி, அதுவும் ஒரு காரணம். அக்கா அழல. அடுப்படியில நின்னுக்கிட்டு, "அவுக அந்தப் படத்துல உள்ள பொண்ணத்தான் தம்பி பாக்க வந்தாக. நான் போய் குறுக்க நின்னுட்டேன்"னு சொல்லிச்சு. வெளையாட்டாச் சொல்லிச்சுன்னு நெனச்சேன்.

அதோட கல்யாணப் பேச்ச விட்டாச்சு. எங்கூடவேதான் இருந்துச்சு. சாக்கெட்டு தைக்கும். என் மக தர்சினிய வளத்தது அக்காதான், எம் பொண்டாட்டி செண்பகம் பெத்ததோட சரி. இத அவகிட்டச் சொன்னா சண்டைக்கு வருவா, ஆனா உண்மை அதுதான்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். யாரு கேமராவத் தூக்குனாலும் முந்தானையக் கொண்டு போய் வாயப் பொத்திக்கிடும். எந்த விசேச ஆல்பத்தப் பாத்தாலும் சரி, கண்ணு மட்டுந்தான் தெரியும். ஆதார் கார்டுல கேக்கவே வேண்டாம், அதுல யாரு மூஞ்சி தெரியுது, ஒரே இருட்டு. என் ஸ்டூடியோவுல மட்டுந்தான் கைய எறக்கும். "நீ எடுத்தா மட்டும் எனக்குப் பயமில்லடா கோமு"ன்னு சொல்லும். ஏன்னா, நான் ஒரு புள்ளி விடாம எடுத்துருவேன்ல. கம்ப்யூட்டர் வந்த பெறகு அது இன்னும் லேசாப் போச்சு. நல்ல தோல்ல இருந்து ஒரு துண்டு எடுத்துத் திட்டு மேல அமுக்கிட்டா முடிஞ்சு போச்சு. எடம் அடைக்குமேன்னு பழைய படத்து மேலேயே புதுசச் சேமிச்சிருவேன். அதனால எங்கிட்ட இருக்க அக்கா படம் பூராவுமே சுத்தமான படம்.

தை மாசம் தர்சினிக்குக் கல்யாணம். சம்பந்தி வீடு ராஜபாளையம், கொஞ்சம் பெரிய எடம். போட்டோவுக்கு ஆளு வச்சிருந்தோம், இருந்தாலும் குடும்பப் படத்த நான்தான் எடுப்பேன்னு ஸ்டாண்டுல கேமராவ வச்சு, டைமரப் போட்டுட்டு ஓடிப் போய் நின்னேன். மொத்தம் பதினொரு பேரு. அக்கா எடது ஓரத்துல. கூப்புட்டாலும் நடுவுல வராது, எப்பவும் ஓரம்தான். ஆனா ஒண்ணு, அன்னைக்கு முந்தானைய எறக்கிட்டு நின்னுச்சு. நான் எடுக்கேன்ல, அதான். சிரிச்சுக்கிட்டும் இருந்துச்சு. அது சிரிச்ச படமே வேற கெடையாது.

அதுக்கு முந்தி சம்பந்தியம்மா செண்பகத்துகிட்ட வந்து, "ஒங்க மதினி எல்லாப் படத்துலயும் நிக்கணுமாக்கும்?"னு மெதுவாக் கேட்டாகளாம். கேட்டாக, கேக்கலன்னு சொல்லல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது அண்ணாச்சி. இது அளவு விசயம்.

மாப்ள கேட்டாரு, "மாமா, குரூப்புல போடணும், சதுரமாக் குடுங்க"ன்னு. எடுத்த படம் அகலம். அகலத்தச் சதுரமாக்குனா ஓரம் போகத்தான செய்யும்? வலது ஓரத்துல மாப்ளையோட பெரியப்பா நிக்காரு, தலப்பாவோட. அவர வெட்ட முடியுமா? சம்பந்தத்துல மொதல் மரியாத அவருக்குத்தான. அப்ப சதுரத்த வலது பக்கமா நகத்தித்தான ஆகணும். நகத்துனேன். எடது பக்கம் ஒரு ஆளு போச்சு. அவசரத்துல அது மேலயே சேமிச்சும் வச்சுட்டேன், எப்பவும் செய்யுற மாதிரி. வெட்டுன துண்டு எங்க போச்சுன்னு கேட்டா, எங்கயும் இல்ல. அது அப்படித்தான்.

குரூப்புல அறுவத்தி நாலு பேரு. போட்ட அஞ்சு நிமிசத்துல பூவும் கையும் கும்புடுமா வந்து விழுது. அக்காவும் அந்தக் குரூப்புல இருந்துச்சு, தர்சினி வாங்கிக் குடுத்த போனு. தையல் மிசின்ல உக்காந்து படத்தத் தொறந்துச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். வெரல வச்சுப் பெருசாக்குச்சு. பெறகு படத்த வலது பக்கமா இழுக்கு. திரும்பத் திரும்ப இழுக்கு. எடது ஓரத்துக்கு அங்கிட்டு இன்னும் கொஞ்சம் இருக்கும்னு நெனச்சிருக்கு.

"தம்பி, படம் இம்புட்டுத்தானா?"ன்னு கேட்டுச்சு.

"இம்புட்டுத்தான்க்கா. சதுரம்"னேன்.

"சரி"ன்னுச்சு.

கோவப்பட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்த சொல்லியிருப்பேன். மூணாம் நாள் செவ்வாக்கெழம காலையில, கட்டியிருந்த பச்சச் சேலைக்கு நூல் வாங்கணும்னு பையத் தூக்கிட்டுப் போச்சு. செல்போன மிசின் மேலயே வச்சுட்டுப் போச்சு. மறந்துட்டுப் போயிருச்சுன்னு மத்தியானம் வரைக்கும் நெனச்சுக்கிட்டிருந்தோம்.

போலீசுக்குப் போனோம். ஏட்டம்மா தங்கமான ஆளு, பொறுமையா எழுதுனாக. "அங்க அடையாளம் ஏதும் உண்டா?"ன்னு கேட்டாக. வலது முழங்கையில தழும்புன்னு சொன்னேன். சின்ன வயசுல என்னத் தூக்கிட்டு விழுந்தது. செண்பகம் பின்னால இருந்து என் இடுப்பக் கிள்ளுதா. நான் திரும்பல. படம் கேட்டாக. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஸ்டூடியோவுல எடுத்த படத்தக் குடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் புடிச்சுக்கிட்டா. "ஏங்க, மதினிய யாரு பாத்தாலும் மொதல்ல அந்தத் திட்டத்தான பாப்பாக? அது இல்லாத படத்தக் குடுத்தா எப்படிக் கண்டுபிடிப்பாக? படம் இல்லன்னா போகுது, எழுத்துலயாவது போடுங்க"ன்னா.

அவளுக்கு என்ன தெரியும்? போன்ல போன படம் போனதுதான் அண்ணாச்சி, திரும்ப வராது. அக்கா நாளைக்கே வந்துருதுன்னு வைங்க. வந்த பெறகும் அந்தப் படம் ஊரச் சுத்திக்கிட்டேதான் இருக்கும். முப்பத்தஞ்சு வருசமா முந்தானைக்குள்ள மறச்சு வச்சிருந்தத, சொந்தத் தம்பி நானே படம் போட்டு, அதுக்கு ஒரு வரி எழுதி, ஊருக்கெல்லாம் காட்டவா? கடத்தெருவுல நடந்து போகும்போது நாலு பேரு அந்த வார்த்தையச் சொல்லுவான்ல? நான் அக்கா தம்பியா, இல்ல வேற எவனுமா? எழுத மாட்டேன்னுட்டேன்.

ஆனா படத்துக்கு நான் வச்ச ஒழைப்பு இருக்கு பாருங்க, கட்சிக்காரனுக்குக் கூட அப்படிச் செஞ்சதில்ல. "காணவில்லை"ங்கிறத செவப்புல, தள்ளி நின்னாலும் தெரியுற மாதிரி. அக்கா படம் நடுவுல. மொகத்த இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கி, கண்ணுக்கு வெளிச்சம் குடுத்தேன். சதுரத்துக்கு ஒண்ணு, நெட்டைக்கு ஒண்ணு, அகலத்துக்கு ஒண்ணு, வட்டத்துக்கு ஒண்ணு. எதுலயும் ஒரு எழுத்து கூட வெட்டுப்படாது. அதப் பாத்துட்டுச் செண்பகம் ஒரு கேள்வி கேட்டா. "கட்சிக்காரனுக்கு இருபத்திமூணு மூஞ்சிய அடக்குனீக. கல்யாணப் படத்துல பதினோராவது ஆளா ஒங்க அக்காவ அடக்கத் தெரியலையா?"

அது வேற, இது வேற. அவளுக்குத் தொழில் தெரியாது.

படம் நல்லாப் பரவுச்சு. துபாய்ல இருந்து ஒருத்தன் எனக்கே அனுப்புறான், "உங்க ஊர்ப் பக்கந்தான், கொஞ்சம் பாருங்க"ன்னு. போனும் வந்துச்சு. தேனியில பாத்தோம், தூத்துக்குடியில பாத்தோம், பழநி அடிவாரத்துல பாத்தோம். ஒண்ணு விடாமப் போனேன். போய்ப் பாத்தா எல்லாம் செவத்த செவத்த பொம்பளைக. ஒரு அம்மா அவுக பாட்டுக்குப் பேரன் வீட்டுக்கு வந்து நிக்காக, நாலு பேரு சூழ்ந்துக்கிட்டு அவுகளப் புடிச்சு உக்கார வச்சிருக்கான். அந்தம்மா என்னையப் பாத்து அழுகுதாக. எனக்கும் அழுகதான் வந்துச்சு. திட்டு உள்ள ஒரு பொம்பளையப் பாத்தேன்னு எட்டு மாசத்துல ஒருத்தன் கூப்பிடல. ஒருத்தன் கூட.

ஆவணி மாசம் கல்லுப்பட்டியில எறங்குனேன். இப்ப நம்ம பஸ்ஸு நிக்குமே, அதே எடந்தான். ஒவ்வொரு ஊரா எறங்கிப் படத்தக் காட்டிக்கிட்டே போறது இப்ப எனக்கு வாராவாரம் ஒரு வேல. நிறுத்தத்துல ஒரு அம்மா டீக்கடை வச்சிருக்காக. படத்தக் காட்டுனேன். "இது சித்திரையிலயே எனக்கு வந்துருச்சே"ன்னு அவுக போன எடுத்துக் காட்டுனாக. பெறகு கொஞ்ச நேரம் என்னையவே பாத்தாக. "நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?"னு கேட்டாக. தம்பின்னேன். அதுக்குப் பெறகுதான் சொன்னாக.

சித்திரையில ஒரு மத்தியானம் ஒரு அம்மா வந்து பெஞ்சுல உக்காந்திருக்காக. பச்சச் சேல, சாயம் போயிருக்கு. டீய வாங்கி வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் குடிக்கல. முந்தானை வாயிலயே இருக்கு. குடிக்கையில எறக்கியிருக்காக, அப்பத் திட்டு தெரிஞ்சிருக்கு. கண்ணு மட்டும் எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு டீக்கடையம்மாவுக்கு ஒரு யோசன. போனத் தொறந்து, படத்த எடுத்து, "அம்மா, இது நீங்களா?"ன்னு அவுக கையிலயே குடுத்திருக்காக.

அக்கா போன வாங்கிப் பாத்துச்சாம். ரொம்ப நேரம் பாத்துச்சாம். வெரல வச்சுப் பெருசாக்கி, அங்கிட்டு இழுத்து, இங்கிட்டு இழுத்து. எனக்கு அது கண்ணுக்குள்ளேயே நிக்கு அண்ணாச்சி. பெறகு போனத் திருப்பிக் குடுத்துட்டு, "அழகா இருக்காக. நான் இல்ல"ன்னுச்சாம்.

அதோட விடல. "இவுகளத்தான் தேடுறாகளா?"ன்னு கேட்டுச்சாம். ஆமாங்கவும், "அப்பச் சரி"ன்னு பையத் தூக்கிட்டு எந்திரிச்சிருச்சாம். வந்து நின்ன பஸ்ஸுல ஏறிருச்சு. மதுரைப் பஸ்ஸா, ராஜபாளையம் பஸ்ஸான்னு கேட்டேன். கடையில கூட்டம், கவனிக்கலன்னாக. நாலு மாசத்துக்கு முந்துன பஸ்ஸு. எங்க போய்த் தேட?

நான் என்ன நெனைக்கேன்னா, படம் தேஞ்சு போயிருக்கும். நூறு கை மாறுன படம்ல? ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். கண்ணு, மூக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கும். அதான் அக்காவுக்கே அக்காவ அடையாளம் தெரியல. என்ன சொல்லுதீக? சும்மா கேட்டேன்.

வீட்டுக்கு வந்து செண்பகத்துகிட்டச் சொன்னேன். அவ என்னைய ஒரு பார்வ பாத்துட்டு உள்ள போயிட்டா. சரி, அவ சொன்ன மாதிரியே செஞ்சிருவோம்னு மறுநாள் காலையில கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். திட்டத் திரும்ப வைக்கணும். அம்புட்டுத்தான? முப்பது வருசமா எடுத்தவனுக்கு வைக்கத் தெரியாதா?

உதட்டுல ஆரம்பிச்சேன். உதட்டு ஓரம்னா எந்த ஓரம்? கை நின்னு போச்சு. செண்பகத்தக் கேட்டேன், எடதுன்னா. தர்சினிக்குப் போன் போட்டேன், "வலதுப்பா... இல்ல, இருங்க"ன்னு சொல்லிட்டு அழுதுட்டா. கண்ணுக்குக் கீழ இருந்தது வட்டமா, நீளமா? தாடையில எதுவரைக்கும்? தெனமும் சோறு போட்ட மொகம் அண்ணாச்சி. ஒவ்வொரு புள்ளியையும் நான்தான் ஒத்தையில ஒக்காந்து எடுத்தேன், எனக்கு நெனப்பு வரல. எங்க நல்ல தோல் இருந்துச்சுன்னுதான் பாத்திருக்கேன், திட்ட எங்க பாத்தேன்? ஏதோ ஒரு மாதிரி வச்சுப் பாத்தேன், கோலமாவு தெறிச்ச மாதிரி இருந்துச்சு. அது வேற யாரோ ஒரு பொம்பள. அழிச்சுட்டேன். அன்னைக்குக் கடையப் பூட்டிட்டு உள்ள உக்காந்து அழுதேன். வெளிய ஒருத்தரு காதுகுத்துப் படத்துக்கு வந்து தட்டிக்கிட்டே இருந்தாரு, நான் தொறக்கல.

அதனால பழைய படந்தான். ஆனா இந்தத் தடவ மொதல்ல இருந்ததவிட ரெண்டு மடங்கு பெருசாச் செஞ்சிருக்கேன். எத்தன கை மாறுனாலும் கரையாது.

இந்தா, திருமங்கலம் வந்துருச்சு. நம்பரச் சொல்லுங்க அண்ணாச்சி... ம்... கடைசில நாலு நாலா? போயிருச்சு, பாருங்க. வந்துருச்சா? தொறங்க. வெட்டாம கொள்ளாம அப்படியே போடுங்க, அளவெல்லாம் சரியாத்தான் இருக்கும்.

என்ன, அப்படியே பாத்துக்கிட்டு இருக்கீக? அழகா இருக்காகள்ல? பாக்கிற எல்லாரும் அதத்தான் சொல்லுதாக. அக்காவும் அதத்தான் சொல்லிருக்கு.